ஆறு வருஷம் அழியாத ரசீது

சனிக்கிழமை மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாணய மாற்றுக் கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். முதலாளி பாய், கம்ப்ளையன்ஸ் ஆபீசராக இருக்கும் அவருடைய மருமகள், கவுண்டர் பையன்கள், பாயான் லெப்பாஸிலிருந்து வந்திருந்த ஐடி ஆலோசனை நிறுவனத்துப் பொறியாளர்கள் இருவர். பல வருஷத்து மின்னஞ்சலையும் வாடிக்கையாளர் ஆவணங்களையும் மூலையில் உறுமும் பழைய சர்வரிலிருந்து மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாற்ற அவர்களுக்கு இருந்தது அந்த வார இறுதி மட்டும்தான்.

பிட் ஸ்திரீட் என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் சாலை இது. 1801-இல் காதர் முகைதீன் நிறுவிய பள்ளிவாசலைச் சுற்றித் தமிழ் முஸ்லிம் வணிகம் வேர்விட்ட இடம். இங்கே ஒரு நாணய மாற்றுக் கடை பார்வைக்கு ஒரு கண்ணாடிக் கவுண்டரும் விலைப்பலகையும்தான். சட்டத்தின் கண்ணில் அது 2011-ஆம் ஆண்டின் பணச் சேவை வணிகச் சட்டப்படி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் உரிமம் பெற்ற நிறுவனம். 3,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் மாற்ற வருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும்; பதிவுகளைக் குறைந்தது ஆறு வருஷம் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பதிவுகள் எங்கே இருந்தன? பாதி, பையன்களின் கைப்பேசியில். பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. மூத்த பொறியாளர் குழுவின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். வேலையை விட்டுப் போன ஒருவர் இன்னும் அதில் இருந்தார். பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மின்னஞ்சலை மாற்றுவது இந்த வேலையில் லேசான பகுதி. பழைய பெட்டிகளை முன்பே நகலெடுத்து வைத்திருந்தார்கள். இரவில் டொமைனின் அஞ்சல் முகவரிப் பதிவைத் திருப்பிவிட்டார்கள். சோதனை மடல் வந்து விழுந்தது. உண்மையான வேலை அதற்குப் பிறகு, 'யார் எதைப் பார்க்கலாம், எதை அழிக்கலாம்' என்ற கேள்வியோடு தொடங்கியது.

"ஆறு வருஷ விதியைப் போட்டுட்டேன் பாய். இனி இந்தக் கோப்புகளை யாரும் அழிக்க முடியாது."

"நானேகூடவா?"

"நீங்களும்தான். அதுக்குத்தானே இது."

ஆறு வருஷம் முடிந்தபின் என்ன செய்வது என்று மருமகள் கேட்டார். நல்ல கேள்வி. பணமோசடித் தடுப்புச் சட்டம் பதிவைக் காப்பாற்று என்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தேவை முடிந்தபின் வைத்திருக்காதே என்கிறது. அதனால் கெடு முடிந்த கோப்புகள் மருமகளின் பார்வைக்கு வந்து, அவர் ஒப்புதல் தந்தபின் அழியும்படி அமைத்தார்கள். முடிவெடுப்பவர் கடைக்காரர், மென்பொருள் இல்லை. இதைப் புரியவைக்காத ஆலோசகர் எத்தனை பெரிய நிறுவனத்திலிருந்து வந்தாலும் பாதி வேலைதான் செய்திருக்கிறார் என்பேன்.

அடுத்தது சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகள். ஒரு வாடிக்கையாளரைப் பற்றி அறிக்கை போயிருக்கிறது என்பதை வெளியே விடுவதே குற்றம். ஆகவே அந்தக் கோப்புறை மருமகளுக்கு மட்டும். ஆனால் நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர் நினைத்தால் தனக்கே அனுமதி கொடுத்துக்கொள்ளலாமே? இளைய பொறியாளர் அதை மறைக்கவில்லை. தன் கணக்காலேயே செய்து காட்டினார்: அனுமதி கிடைத்தது, சற்று நேரத்தில் மருமகளின் கைப்பேசியில் எச்சரிக்கை ஒலித்தது. யார், எத்தனை மணிக்கு, எந்தக் கோப்புறை, எல்லாம் தணிக்கைப் பதிவில் இருந்தது. அந்தப் பதிவு சாதாரண உரிமத்தில் 180 நாள்தான் நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கூடுதல் உரிமம் வாங்கவேண்டும், அல்லது தனியாக எடுத்து வைக்கவேண்டும். பாய் விலை கேட்டார்; மாதாமாதம் எடுத்து வைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்.

பக்கத்து லெபோ பந்தாய் வங்கிகளுக்கு விதி இன்னும் கடுமை. 2020-இல் நடைமுறைக்கு வந்த பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் விதிகளின்படி, முக்கிய அமைப்பு ஒன்று ஒரு தடவையில் 120 நிமிடத்துக்கு மேல் முடங்கக் கூடாது. 12 மாதத்தில் மொத்தம் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சின்னக் கடைக்கு இந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் 2025 ஜூன் முதல், வாடிக்கையாளருக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடிய தரவுக் கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிப்பது இவர்களுக்கும் கடமை. யார் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி, கவுண்டருக்குப் பின்னால் ஒட்டினார்கள்.

ஞாயிறு மதியம், வெளியே தரவு போவதைத் தடுக்கும் விதியைச் சோதிக்க, ஒரு பையனைத் தன் சொந்த ஜிமெயிலுக்குப் பாஸ்போர்ட் எண்ணை அனுப்பச் சொன்னார்கள். மடல் போகவில்லை, காரணம் திரையில் வந்தது. "அப்போ கஸ்டமர் அவசரமா கேட்டா?" என்றான் அவன். அதற்குக் கடையின் கோப்புறையிலிருந்து காலாவதி தேதியோடு இணைப்பு அனுப்பும் முறையைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார் இளையவர். இந்தப் பொறுமைக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். வழி சொல்லாமல் கதவை மட்டும் அடைத்தால் வாட்ஸ்அப் குழு வேறு பெயரில் திரும்ப வரும்.

கடைசியாக ஒப்படைப்பு. முன்பு இருந்த ஒப்பந்தக்காரர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்ததால் அதை மீட்கப் பாய் படாத பாடு பட்டாராம். இந்த முறை எல்லாம் கடையின் பெயரில். அவசர நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லும் பாதுகாப்புச் சாவியும் ஓர் உறையில் வைத்து ஒட்டப்பட்டு, டாலர் கட்டுகள் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போயின. பிறகு மூத்தவர் மடிக்கணினியைப் பாய் பக்கம் திருப்பினார். தன் நிறுவனத்தின் நிரந்தர நிர்வாகி உரிமையை நீக்கும் பொத்தானைப் பாயையே அழுத்தச் சொன்னார். இனி பழுது பார்க்க வந்தால், பாய் ஒப்புக்கொண்ட சில மணி நேரத்துக்கு மட்டும் உள்ளே வருவார்கள்.