பில் எங்கே சார்?

220 ரூபாய் மிச்சம் பிடித்ததை மறைக்க 1998-ல் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னும் இரண்டு தேவைப்பட்டன. மூன்றையும் கேட்டு நம்பியவர் எங்கள் தெருமுனை மெக்கானிக். ஊருக்கெல்லாம் அவர் மேஸ்திரி.

என்னிடம் அப்போது 1986 மாடல் அம்பாசடர் மார்க் 4 இருந்தது. 1489 சிசி பெட்ரோல் வண்டி. காலையில் கிளம்ப அடம்பிடிக்கும், பாலம் ஏறும்போது இருமும். மேஸ்திரி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "பாயிண்ட் தேஞ்சுபோச்சு சார். ஒரு டியூனப் போட்டுடலாம்" என்று சீட்டு எழுதினார்: பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டர், நாலு பிளக். ஜி.பி. ரோட்டில் தான் பல வருஷமாக வாங்கும் கடையின் பெயரையும் எழுதி, அடியில் கோடு போட்டார். "பில் போட்டு வாங்குங்க. கண்டென்சர்ல மட்டும் டூப்ளிகேட் ஆகவே ஆகாது."

அந்தக் கடைக்குப் போனேன். விலை கேட்டேன். "அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் புதுப்பேட்டைக்கு நடந்தேன். ஒரு சந்தில் அதே சாமான்கள் பாதி விலைக்குக் கிடைத்தன. டப்பாவின் நிறமெல்லாம் பெரிய கம்பெனியுடையது மாதிரியே. பெயரில் மட்டும் ஓர் எழுத்து பிசகியிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. டப்பாக்களைப் பேருந்து நிறுத்தத்திலேயே வீசிவிட்டு, சாமான்களைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன்.

"பில் எங்கே சார்?"

"சட்டைப் பையிலேயே விட்டுட்டேன். வீட்டுல இருக்கு."

கண்டென்சரை விரலிடையே உருட்டிப் பார்த்தார். "ஒயர் மெல்லிசா இருக்கே" என்றார். நான் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. ஃபீலர் கேஜை விட்டுப் பாயிண்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வைத்தார். பிளக்குக்கு உடைந்த ஆக்ஸா பிளேடுதான் அளவுகோல். அதன் கனம் கிட்டத்தட்ட 25 பங்கு, கச்சிதமாக வரும். கழற்றிய பழைய கண்டென்சரைத் துணியில் துடைத்து நீட்டினார். "இது நல்லாத்தான் இருக்கு. டிக்கியில கிடக்கட்டும், வழியில உதவும்." வீட்டுக்கு வந்ததும் அதைக் குப்பையில் போட்டேன்.

அடுத்த வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வண்டி நின்றுபோனது. உச்சி வெயில், பட்டுப்புடவையில் மனைவி, பின்சீட்டில் மாமியார். பெட்ரோல் பம்ப் சூடாகியிருக்கும் என்று ஈரத்துணி சுற்றினேன். அம்பாசடர்காரன் எவனும் அதைத்தான் செய்வான். அரைமணியில் கிளம்பியது. ஆகவே பம்ப்தான் என்று முடிவுகட்டினேன். திரும்பியதும் பட்டறையில் நாலுபேர் நிற்கும்போதே, "இதுதான் நீங்க பார்த்த வேலையா?" என்று கத்தினேன். பதில் சொல்லாமல் பம்ப்பைப் பிரித்து டயாஃப்ரம் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார். காசு வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு வண்டி மறுபடி நின்றது.

இந்தமுறை அவரே கூட உட்கார்ந்து வந்தார். நின்ற இடத்தில் பம்ப்பைத் தொடவே இல்லை, நேராக டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தார். புதுப் பாயிண்டின் ஒரு பக்கம் பருவும் மறுபக்கம் குழியுமாகக் கருகியிருந்தது. பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் மின்சாரம் சட்டென்று அறுபட வேண்டும், அப்போதுதான் பிளக்குக்குப் பல ஆயிரம் வோல்ட் போகும். அந்த நொடியில் பாயிண்டின் வாயில் எழும் பொறியை விழுங்கிக்கொள்வது கண்டென்சர். உள்ளே தாளும் தகடும் சுருட்டியிருக்கும். மட்டமான சரக்கு சூடேறினால் கசியும், ஆறினால் திரும்ப வேலை செய்யும். ஸ்ரீபெரும்புதூரில் என் ஈரத்துணியா வண்டியைக் கிளப்பியது? அரைமணி ஆறியதில் கண்டென்சர் பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான். குப்பைக்குப் போன பழசு டிக்கியில் இருந்திருந்தால் மேஸ்திரிக்கு அது பத்து நிமிஷ வேலை.

தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய கண்டென்சரை எடுத்து மாட்டினார், பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார். கருகியதைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "நான் சொன்ன கடையிலதானே சார் வாங்கினீங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

மறுநாள் அவர் அந்தக் கடைக்கே போய் எனக்காகச் சண்டை போட்டிருக்கிறார். "அவங்க சரக்கே இல்லைன்னு சாதிக்கிறாங்க சார்" என்று சோர்ந்துபோய் வந்தார். "மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க மேஸ்திரி" என்றேன். மூன்றிலும் கேவலமானது அதுதான். அதற்குப் பிறகு அந்தக் கடையில் அவர் ஒரு திருகாணிகூட வாங்கவில்லை, வேறு யாரையும் அனுப்பவுமில்லை. என் மனைவிக்கு விஷயம் தெரியும். இரண்டுமுறை "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள், பிறகு விட்டுவிட்டாள்.

2004-ல் வண்டியை விற்றேன். வாங்க வந்தவர் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டார். மேஸ்திரி போட்ட அந்தப் பழைய கண்டென்சர்தான் உள்ளே இருந்தது. "சத்தம் சுத்தமா இருக்கே" என்றார் வந்தவர்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "சார் சாமான்ல கஞ்சத்தனமே பார்க்க மாட்டாரு" என்றார்.

நான் விலையைப் பேச ஆரம்பித்தேன்.