மார்பில் மூன்று பதக்கங்கள்

வேலூர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் பல உண்டு. அவ்வூர்களின் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரில், தெய்வப் படங்களுக்கு அருகே ஒரு படைவீரரின் நிழற்படமும் தொங்கும். பிழைப்புத் தேடி நாக்பூருக்கும் புனேவுக்கும் தில்லிக்கும் சென்றவர்கள் வீட்டை விட்டுச் சென்றாலும் அப்படத்தை விட்டுச் செல்வதில்லை. படம் உடன் வரும். படத்தில் இருப்பவரின் கதை பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிடும்.

நாக்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திலும் அவ்வாறே நேர்ந்தது. அவர்கள் வீட்டிலுள்ள கறுப்பு வெள்ளைப் படத்தில், கோட்டு அணிந்த ஒருவர் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். அவருடைய இடப்பக்க மார்பில் மூன்று பதக்கங்கள் தொங்குகின்றன. அவர் அவ்வீட்டுப் பாட்டியின் தந்தை. “போரில் பெரும் வீரம் காட்டியதற்காகக் கொடுத்த பதக்கங்கள்” என்றே வீட்டார் அனைவரும் கூறிவந்தனர். எந்தப் போர், என்ன வீரம் என்று கேட்டால் விடை கூறுவார் எவரும் இல்லை. எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தி, அவ்விடையைத் தானே தேட முற்பட்டாள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு படத்தின் முன் அமர்ந்தாள்.

பதக்கங்களை அடையாளம் காண விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது வடிவம். படத்தில் இரண்டு பதக்கங்கள் ஆறு முனைகள் கொண்ட நட்சத்திரங்கள், மூன்றாவது வட்டமானது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியோர்க்கு அன்றைய பிரித்தானிய அரசு வழங்கிய நட்சத்திரப் பதக்கங்கள் அனைத்தும் ஒரே வடிவின. நடுவில் மன்னர் ஆறாம் ஜார்ஜின் பெயரெழுத்துகளும், அவற்றைச் சூழ்ந்த வளையத்தில் பதக்கத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய படத்தில் அத்தகைய நுண்ணிய எழுத்துகள் புலப்படுவதில்லை. ஆகவே, பதக்கத்தைத் தாங்கும் நாடாவே வழிகாட்டியாகிறது.

நாடாவைப் படிப்பதிலும் ஓர் இடர் உண்டு. பழைய படச்சுருள்களில் ஒரு வகை, சிவப்பு ஒளியை உணராதது. அதில் சிவப்பு கறுப்பாகப் பதியும். நீலமோ வெளிறித் தோன்றும். எனவே, நிறத்தின் அடர்த்தியை மட்டும் நம்பாமல், கோடுகள் எத்தனை, அவற்றின் அகலம் என்ன, அவை எந்த வரிசையில் உள்ளன என்று கணக்கிட வேண்டும்.

பேத்தி அவ்வாறே கணக்கிட்டாள். முதல் நாடாவில் ஒரே அகலமுள்ள மூன்று பட்டைகள் இருந்தன. கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்னும் அம்மூன்றும் கடற்படை, தரைப்படை, வான்படை ஆகியவற்றைக் குறிப்பவை. அது 1939–45 ஸ்டார். இரண்டாம் நாடாவின் நடுவில் அகன்ற பட்டை ஒன்று இருந்தது. அதன் இருபுறமும் இருந்த பட்டைகளுள் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. சிவப்பை நடுவில் கொண்டு, இருபுறக் கருநீலத்துள் ஆரஞ்சு நிறக் கோடுகளை உடைய அது பர்மா ஸ்டார். வட்டமான மூன்றாவது, 1939–45 போர்ப் பதக்கம். மன்னரின் தலை பொறித்த அதன் மறுபக்கத்தில், இருதலை டிராகன் ஒன்றை ஒரு சிங்கம் மிதித்து நிற்கும்.

விடை கிடைத்தது, ஆயினும் அவளுக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. அம்மூன்றுள் ஒன்றுகூட வீரத்துக்காக வழங்கப்படுவது அன்று. வீரப் பதக்கம் வேறு; போர்ப்பணிப் பதக்கம் வேறு. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944-ஆம் ஆண்டு இத்தாலியில் கண்ணிவெடி ஒன்றின்மீது தாமே பாய்ந்து, உடனிருந்தோரைக் காத்து உயிர் நீத்தார். அவருக்கு வழங்கப்பட்ட ஜார்ஜ் கிராஸ் வீரத்துக்கானது. போர்ப் பதக்கமோ, போர்க்காலத்தில் 28 நாள் முழுநேரப் பணியாற்றிய படையினர் எவர்க்கும் உரியது. வீட்டார் பெருமையோடு கூறிவந்த செய்தி ஒரு நொடியில் சிறுத்துப் போயிற்று.

அவள் பாட்டியிடம் சென்று தான் கண்டதைக் கூறினாள். பர்மா என்ற சொல்லைக் கேட்டதும் பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “மழை பெய்யும் இரவுகளில் அப்பா உறங்கமாட்டார். திண்ணையில் அமர்ந்து, விடியும்வரை இருட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டால், ‘நீ தூங்கும்மா’ என்பார். அவ்வளவுதான்” என்றார்.

பர்மா ஸ்டார், பர்மாவிலோ அதை ஒட்டிய அஸ்ஸாம், வங்காளப் பகுதிகளிலோ குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றியோர்க்கு வழங்கப்பட்டது. அங்கே 1944-ஆம் ஆண்டு, இம்பாலிலும் கோஹிமாவிலும் கடும்போர் நிகழ்ந்தது. பருவமழை பெய்தபோதும் போர் ஓயவில்லை. மலைப்பாதைகள் சேறாயின. பகைவரின் குண்டுகளோடு மலேரியாவும் சேர்ந்து படையினரை வீழ்த்தியது. திண்ணையில் விழித்திருந்த அம்மனிதர் இவற்றுள் எதைக் கண்டார் என்பதைப் பதக்கம் கூறாது. அவர் மழைக்கு அஞ்சியதன் காரணம் எங்கே இருக்கக்கூடும் என்பதை மட்டும் அது சுட்டிக் காட்டுகிறது.

அப்போரில் இந்தியப் படையில் 25 இலட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் மிகச் சிலரே வீரப் பதக்கம் பெற்றனர். ஏனையோர் பாலம் அமைத்தனர், சுமை சுமந்தனர், காவல் நின்றனர், காயமுற்றோரைத் தூக்கி வந்தனர். பின்னர் ஊர் திரும்பி, வாய் திறவாமல் உழவைத் தொடர்ந்தனர். வரலாற்று நூல்களில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு மார்பில் தொங்கும் அந்நட்சத்திரமே சான்று.

மூதாதையரைப் பெரியவராகக் காட்டப் புனைந்துரை தேவையில்லை. பதக்கம் பாதிக் கதையைக் கூறும். மறுபாதி, அவரோடு வாழ்ந்தவர்களின் நினைவில் இருக்கும். படம் இன்னும் பல ஆண்டுகள் சுவரில் தொங்கலாம். நினைவுக்கு அத்தனை ஆயுள் இல்லை. கேட்க வேண்டியவற்றை இன்றே கேட்டு எழுதிவைப்பது இளையோரின் கடமை.

சிந்தித்து விடை எழுதுக

1. வீரப் பதக்கத்துக்கும் போர்ப்பணிப் பதக்கத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பேத்தியின் ஏமாற்றம் பாட்டியின் சொற்களால் எவ்வாறு மாறியிருக்கும்?
3. உம் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.