வெடித்துப் பார்ப்பதா, வாசித்துப் பார்ப்பதா?

ஒரு பட்டாசு நல்லா வெடிக்குமா என்று உறுதியாகத் தெரிய ஒரே வழி, கொளுத்திப் பார்ப்பதுதான். பார்த்து முடித்தால் கையில் பட்டாசு இருக்காது! அதனால் சிவகாசியில் சாம்பிளுக்குச் சிலதை எடுத்து வெடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை நம்ப வேண்டியதுதான். சத்தமும் அப்படித்தான். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 1999-ல் வந்த விதி. அளந்த வெடி கடைக்குப் போவதில்லை.

மென்பொருளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆயிரம் தடவை ஓட்டினாலும் தீர்ந்து போகாது. அதனாலேயே பலருக்கு, 'ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்' என்று ஒரு நம்பிக்கை. ஆனால் டெஸ்டிங் பிழை இருப்பதைக் காட்டுமே தவிர, இல்லை என்று நிரூபிக்காது. ஒரு பில்லிங் புரோகிராமில் 1 பெட்டி, 10 பெட்டி, 100 பெட்டி எல்லாம் சரியாக வரும். சரக்கு திரும்பி வரும் நாளில்தான் கணக்கு உதைக்கும்.

இன்னொரு வழி, ஓட்டாமலே நிரலை வரி வரியாக வாசிப்பது. ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் இதை ஒரு முறையாக வகுத்து 1976-ல் எழுதினார். எது மேல் என்று பாசிலியும் செல்பியும் 74 பேரை வைத்துச் சோதித்து, முடிவை 1987-ல் வெளியிட்டார்கள். தொழில்முறை புரோகிராமர்கள் டெஸ்டிங்கை விட வாசிப்பில்தான் அதிகப் பிழைகளைப் பிடித்தார்கள். ஆனால் எல்லா வகைப் பிழையிலும் வாசிப்பு ஜெயிக்கவில்லை. பகுதிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்துப் பிழைகள் வாசிப்பில் அதிகம் மாட்டின. நிரல் எந்த வழியில் போக வேண்டும் என்பதில் வரும் பிழைகள், வெளியிலிருந்து ஓட்டிப் பார்த்தபோது அதிகம் மாட்டின. ஆக இரண்டும் வேண்டும்.

சரி, பட்டாசு ஆலைக்கே திரும்புவோம். பட்டாசை வெடித்துப் பார்க்கலாம், ஆலையை வெடித்துப் பார்க்க முடியுமா? அங்கே வாசிப்பு மட்டும்தான் வழி. அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்று விபத்துக்கு முன்பே போய்ப் பார்த்தாக வேண்டும்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பே நடந்த ஆய்வில் விதிமீறல்கள் தெரியவந்து, ஆலையின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. அதாவது பிழை கண்ணில் பட்டுவிட்டது. ஆனாலும் வேலை நிற்கவில்லை.

எந்த முறை அதிகப் பிழைகளைப் பிடிக்கும் என்று எவ்வளவு வேண்டுமானாலும் ஒப்பிடலாம். பிடித்த பிழை பட்டியலிலேயே கிடந்தால், எந்த முறையாக இருந்து என்ன பயன்?