சத்தம் போடாத ஆம்ப்ளிஃபையர்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு எதையும் மொழிபெயர்த்துவிடலாம் என்ற துணிச்சல் உண்டு. தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கருவிப் பராமரிப்புக் கையேடு ஒன்று பெங்களூரில் என் மேஜைக்கு வந்தபோது எனக்கும் அது இருந்தது. குறைந்த அதிர்வெண் சுற்றுக்கு எப்படிப்பட்ட ஆப்-ஆம்ப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது ஓர் அத்தியாயம். 'துல்லியமானதாகவும் குறைவாகச் சத்தம் போடுவதாகவும் இருக்க வேண்டும்' என்று எழுதி முடித்தேன்.

எதிர்வீட்டுப் பெரியவர் தொழிற்சாலைகளில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். படித்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. "இதை நம்பி ஒரு பையன் உலை முன்னால நிப்பான், தம்பி" என்றார்.

மறுநாள் எஸ்.பி. ரோடுக்குப் போய் இரண்டு சில்லுகள் வாங்கி வந்தார். இரண்டும் எட்டுக்கால் கறுப்புப் பூச்சிகள். ஒன்று 1968-ல் வந்த 741. மற்றது ஓபி 07. இரண்டையும் ஆயிரம் மடங்கு பெருக்கும்படி இணைத்து, உள்ளீட்டில் பூஜ்யம் கொடுத்தார். 741 ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஓபி 07 காட்டியது சுமார் 0.03 வோல்ட்.

உலையில் வைக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். 741-ன் ஒரு மில்லிவோல்ட் பிழை, ஏறத்தாழ 25 டிகிரிப் பொய்.

"திருகித் திருத்திவிடலாமே?" என்றேன். திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு சூடான சால்டரிங் அயர்னை அருகில் காட்டினார். எண் மெல்ல நடக்க ஆரம்பித்தது.

"நிக்கிற தப்பைத் திருத்தலாம். நடக்கிற தப்பை எப்படிப் பிடிப்பீங்க?"

உலையின் வெப்பமும் மெதுவாகத்தான் மாறும். எது செய்தி, எது பிழை என்று எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. போதாததற்கு, அதிர்வெண் குறையக் குறைய ஆப்-ஆம்ப்பின் இரைச்சலும் கூடும். எனவே தகவல் தாளில் தேட வேண்டியது வேகத்தை அல்ல. வெப்ப நகர்வையும், 0.1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சலையும்.

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஓபி 07தானா?" என்று கேட்டேன். தலையசைத்து மறுத்தார். பிஹெச் மீட்டரின் கண்ணாடி மின்முனைக்கு நூறு மெகாஓம் அளவில் மின்தடை உண்டு. ஓபி 07-ன் உள்ளீட்டில் பாயும் ஒரு நானோஆம்பியர் அங்கே 0.1 வோல்ட் பிழையாகிவிடும். ஒரு பிஹெச் அலகின் மதிப்பே சுமார் 59 மில்லிவோல்ட்தான். அங்கே எஃப்.இ.டி. உள்ளீடு கொண்டதுதான் சரிப்படும்.

"எதுக்குன்னு கேட்காம எது நல்லதுன்னு சொல்லாதீங்க, தம்பி."

அன்றிரவு ஆங்கில மூலத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தொடக்கப் பிழை, வெப்ப நகர்வு, உள்ளீட்டு மின்னோட்டம் என்று மூன்றும் தனித்தனியாகவே இருந்தன. நான்தான் மூன்றையும் 'துல்லியம்' என்ற ஒரே சொல்லுக்குள் திணித்திருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. காலையில் அச்சகத்துக்குப் போன் செய்து அந்தப் பக்கத்தை நிறுத்தச் சொன்னேன்.