ஆபீஸ் வேலையாக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு

கம்பெனி வேலையாகக் கோவை, திருப்பூர் என்று அடிக்கடி அலைகிறவன் நான். என் அனுபவத்தில் பெரிய மிச்சம் இரவு ரயில்தான். சென்னையில் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் கோவை. ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை அப்படியே கையில் நிற்கும். குளித்து உடை மாற்ற ஸ்டேஷனிலேயே ஓய்வறை உண்டு. உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. பார்ட்டியைப் பார்க்கும் தேதி முடிவான அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள். தட்கலுக்குக் கூடுதல் காசு அழ வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது ஜிஎஸ்டியில். ஏசி டிக்கெட்டில் 5 சதவீதம் வரி இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழி உண்டு. பிறகு கேட்டால் கிடைக்காது.

சாப்பாட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வயிறு கெட்டால் போன வேலையும் கெடும்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கைக்காசைப் போட்டுவிட்டு, பில் பாஸாகும் வரை கடன் வாங்கிக் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்கள் கிளம்பும் முன்பே அட்வான்ஸ் கொடுத்து அனுப்புங்கள்.