வீக் லிங்க்

டிசம்பர் 14
சின்னவள் லீவுக்கு ஃபோர்ப்ஸ் போகிறாளாம். சிட்னியிலிருந்து ஐந்து மணி நேரக் கார் பயணம். ஹேங் கிளைடர் கற்றுக்கொள்ளப் போகிறாள். மலையிலிருந்து குதிப்பதாக்கும் என்று நினைத்தேன். "அங்க மலையே கிடையாதும்மா, சமவெளி. குட்டி பிளேன் கயிறு கட்டி இழுத்துட்டுப் போய் மேல விட்டுடும்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். இவர் ரிமோட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் 15
தூக்கமில்லை. கயிறு அறுந்தால்?

டிசம்பர் 18
மாடி வீட்டு சார் தாம்பரம் ஏர் ஃபோர்ஸில் பாராசூட் மடிக்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கேம்ப் ரோட்டில் கீரைக்காரம்மா முன்னால் பிடித்துக்கொண்டு கேட்டேன். மேலே பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. சேலையூரில் அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவர் மட்டும் பார்ப்பார்.

"கயிறு அறுந்தா என்ன டீச்சர்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் விவரம் சொன்னார்: 2021 நவம்பரில் டையூ கடற்கரையில் பாராசெய்லிங் போன கணவன் மனைவியின் கயிறு அறுந்தது. லைஃப் ஜாக்கெட் இருந்தது, கடலில் இறங்கிப் பிழைத்துக்கொண்டார்கள். 2016இல் கோவையில் ஒருவர் மேலே போனதும் விழுந்து இறந்தார். அங்கே கயிறு அறவில்லை. உடம்பைத் தாங்கவேண்டிய பெல்ட்தான் கழன்றது. "எல்லாரும் கயிறைத்தான் பார்ப்பாங்க. நான் பக்கிளைப் பார்ப்பேன்."

அப்புறம் இன்னொன்று சொன்னார். இழுக்கிற கயிற்றில் வேண்டுமென்றே ஒரு மெல்லிய நூல் வளையம் கோப்பார்களாம், வீக் லிங்க் என்று பெயர். இழுப்பு மிஞ்சினால் அது முதலில் அறுந்துவிடும். வீட்டு ஃப்யூஸ் மாதிரி.

டிசம்பர் 19
நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 23
ஃப்யூஸ் கதையைப் பெருமையாக அவளிடம் சொன்னேன். "அதுதான்மா பெரிய சண்டையே" என்றாள்.

எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன். ஹேங் கிளைடருக்கு ஸ்டியரிங் கிடையாது. உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தித்தான் ஓட்டவேண்டும். இழுத்துப் போகும்போது இறக்கை ஒரு பக்கம் சாய்ந்து வழி விலகினால், கயிற்றின் இழுப்பே அதை மேலும் சாய்க்கும். ஓர் அளவுக்கு மேல் உடம்பின் எடை கயிற்றோடு மல்லுக்கட்ட முடியாது. லாக்அவுட் என்கிறார்கள். தரைக்குப் பக்கத்தில் என்றால் யோசிக்க இரண்டு மூன்று நொடிகூடக் கிடைக்காது.

மெல்லிய லிங்க் போடு, சீக்கிரம் அறுந்து காப்பாற்றும் என்கிறது ஒரு கட்சி. லாக்அவுட்டில் இழுப்பு அந்த அளவுக்கு ஏறுவதற்குள் ஆள் கவிழ்ந்திருப்பான் என்கிறது எதிர்க்கட்சி. மெல்லிய லிங்க் சாதாரணக் காற்றுக்கே படக்கென்று அறுமாம், அதுவும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற நேரத்தில், தரையிலிருந்து முப்பது அடியில். வேகம் செத்துப்போய் விழவேண்டியதுதான். லிங்க் காப்பது இறக்கை ஒடியாமல் இருக்க. ஆளைக் காப்பது, கயிற்றைத் தானே கழற்றிவிடுகிற ரிலீஸ். அமெரிக்க விமான விதி கிளைடரின் உச்ச எடையில் 80 முதல் 200 சதவீதம் வரை லிங்க் இருக்கலாம் என்கிறது. நான் கணக்கு டீச்சர். 80க்கும் 200க்கும் நடுவே எங்கேயோ என்பதெல்லாம் எனக்கு விடையில்லை.

டிசம்பர் 24
ஃப்யூஸ் என்று சொன்ன மனுஷரை மாடிப்படியில் பார்த்தேன். பேசவில்லை.

டிசம்பர் 28
போன் செய்தாள், எடுக்கவில்லை. இவர் எடுத்து ஒரு மணி நேரம் சிரித்துப் பேசினார். அப்படி என்ன சிரிப்பு?

ஜனவரி 2
சார் வந்தார், அவராகவே. அவள் அனுப்பிய கிளைடர் படத்தை டேப்லெட்டில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: 2018இல் சுவிட்சர்லாந்தில் ஹேங் கிளைடரில் ஒரு பயணியைத் தன்னோடு கொக்கி மாட்டாமலே பைலட் கிளம்பிவிட்டார். அந்த ஆள் இரண்டு நிமிடத்துக்கு மேல் கையால் தொங்கியே தரைக்கு வந்து சேர்ந்தார், மணிக்கட்டு உடைந்தது. கனடாவில் 2012இல் அப்படித் தொங்கிய பெண் பிழைக்கவில்லை. "பத்து நிமிஷம் முன்னாடி பார்த்தேன்னு சொல்றது செக் இல்ல டீச்சர். கிளம்புற நொடியில பார்க்கணும்."

ஆஸ்திரேலியாக்காரர்களுக்குக் கயிற்றில் இழுத்துப் பறப்பது புதிதில்லையாம். 1963இல் கிராஃப்டன் என்ற ஊரில் ஜான் டிக்கென்சன் செய்த இறக்கையே மோட்டார் படகின் பின்னால் கயிற்றில்தான் பறந்தது. மலையெல்லாம் பிறகு வந்தது.

கிளம்பும்போது சார் கேட்டார்: "ரிலீஸ் எங்க இருக்கு? அதை இழுக்க எந்தக் கையை எடுப்பா?"

ஜனவரி 3
எந்தக் கையை எடுத்தாலும் மிச்சம் ஒரு கைதான்.

ஜனவரி 9
முதல் நாள் முடிந்தது. வாத்தியாரோடு ஜோடியாக, 600 மீட்டர். குரலே வேறு மாதிரி இருந்தது. பத்து வயதில் வண்டலூர் ஜூவில் யானையைத் தொட்டுவிட்டு வந்தபோது அப்படிப் பேசினாள். எந்தக் கை என்று கேட்டேன். "ரிலீஸை அவர்தான் இழுத்தார், நான் கவனிக்கல." அடுத்த வாரம் தனியாக. பல்லால் கடித்து விடுவிக்கிற ரிலீஸும் இருக்கிறதாம், இரண்டு கையும் கம்பியிலேயே இருக்கலாம். அவர்கள் கிளப்பில் பாதிப்பேருக்கு அது பிடிக்காதாம். பேச்சுக்கு நடுவே மூன்று முறை இருமினாள்.

ஞாயிறு கேட்க வேண்டியவை: கையா, வாயா. லிங்க் எத்தனை கிலோவுக்கு அறும். எத்தனை இழுப்புக்கு ஒரு தடவை புதிது மாற்றுகிறார்கள். இருமலுக்கு ஏதாவது சாப்பிடுகிறாளா.