உரலை நகர்த்துதல்

இணைய முகவரியைக் குறிக்கும் யூஆர்எல் என்ற ஆங்கிலச் சுருக்கத்தை, தமிழில் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் நம்மவர்கள் விளையாட்டாக 'உரல்' என்று எழுதத் தொடங்கினார்கள். மடலாடற்குழுக்களில் 'உரல் தரவும்' என்ற வேண்டுகோளைக் கண்டு சொல்லாக்க அறிஞர்கள் முகம் சுளித்ததுண்டு. எனக்கு என்னவோ அந்தச் சொல் பொருத்தமாகவே பட்டது. உரல் எளிதில் இடம் மாறுகிற பொருளல்ல. வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம், கூரையை மாற்றலாம். உரல் கிடந்த இடத்தில் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் இடம் தெரிந்து வந்து மாவிடித்துக்கொண்டு போவார்கள்.

அப்படி ஓர் உரலை, இல்லை, 300-க்கும் மேற்பட்ட உரல்களை ஒரே நாளில் நகர்த்தும் வேலை சில மாதங்களுக்கு முன் எனக்கு வாய்த்தது. எங்கள் மாப்பிள்ளையூரணியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஊருக்கே அண்ணாச்சி. முத்துக்குளித்துறையின் வழக்குச் சொற்கள், காற்றுகளின் பெயர்கள், சங்குகுளிப்பவர்களிடம் கேட்டறிந்த செய்திகள் என்று 2002 முதல் தனியொருவராகத் தம் வலைத்தளத்தில் எழுதிவந்தார். இங்கே அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதில் கடலில் இறங்கியவர்களை நேரில் கண்டு பேசி எழுதியவர் அவர். அந்தக் குளியாளிகளில் அநேகர் இன்று இல்லை; அண்ணாச்சியும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் தளத்தைப் புதுப்பிக்க விரும்பினார்.

புதுப்பிக்க வேண்டியதுதான். கைப்பேசியில் அந்தப் பக்கங்களைப் படிக்கவே முடியாது. அதோடு முகவரிப் பெயரையும் மாற்ற வேண்டும் என்பது மகனின் ஆசை. பழைய முகவரியில் ஊர்ப்பெயர் 'டூட்டிகொரின்' என்றே இருந்தது. 'தூத்துக்குடின்னே இருக்கட்டும் அண்ணே' என்றார். மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் பெயர் மாற்றம் எங்கள் பக்கத்தில் லேசான காரியமல்ல. 1986-இல் பிறந்த சிதம்பரனார் மாவட்டம் 1997-இல் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. 2011-இல் துறைமுகம் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. அதன் இணைய முகவரியும் அந்தப் பெயருக்கு மாறியது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி அரசு ஆணை வெளிவந்தபோது தூத்துக்குடிக்குக் கூடுதலாகச் சில எழுத்துகள் கிடைத்தன. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட, அவை போய்விட்டன. தேடுகிறவர்கள் ஆணையைப் பார்த்துத் தேடுவதில்லை. பாட்டன் காலத்துக் கடிதத்தில் கண்ட எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு.

தளத்தை வடிவமைக்க வந்த இளைஞர் கெட்டிக்காரர். பழைய முகவரிகள் என்னாகும் என்று கேட்டேன். 'எல்லாத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்ரலாம் சார், ஒரே வரிதான்' என்றார். அங்கேதான் எங்கள் வழக்கு ஆரம்பித்தது.

1998-இல் கூகிளை உருவாக்கிய இரு மாணவர்களின் அடிப்படை எண்ணம் எளிமையானது. ஒரு பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கொண்டு அளக்காமல், எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் அதற்குச் சுட்டி கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டு அளப்பது. பிற்பாடு வேறு பல அளவுகோல்கள் சேர்ந்தாலும் அந்த எண்ணம் போய்விடவில்லை. அண்ணாச்சியின் பக்கங்கள் தேடலில் முன்னே வந்ததற்குக் காரணம், இருபது ஆண்டுகளாக யார் யாரோ தம் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் விக்கிப்பீடியா அடிக்குறிப்புகளிலும் அவரைச் சுட்டியிருந்ததே. அவர்கள் சுட்டியது தளத்தையல்ல, குறிப்பிட்ட ஒரு பக்கத்தை. ஆங்கிலேயர் கால அறிக்கைகளில் தோலாயிரம் பார் என்று வருகிற முத்துப்படுகையைப் பற்றி அறியச் சுட்டியைச் சொடுக்கியவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? தேடுபொறியும் அவ்வாறே எடுத்துக்கொள்கிறது. தொடர்பில்லாமல் முகப்புக்குத் திருப்பப்படும் முகவரியை அது 'பக்கம் காணவில்லை' என்ற கணக்கிலேயே எழுதிவிடும்.

கட்டுமரக்காரர்கள் கடலில் ஓர் இடத்தை நினைவில் வைக்கக் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் கண்டு குறித்துக்கொள்வார்கள் என்று அண்ணாச்சியே எழுதியிருக்கிறார். கோபுரத்தை இடித்துவிட்டால் பார் கடலடியில் பத்திரமாகத்தான் இருக்கும். போய்ச் சேர முடியாது, அவ்வளவுதான். இதை இளைஞரிடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

பழைய பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய பக்கம் எது என்று ஓர் அட்டவணை போட்டோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. திருப்பிவிடுவதிலும் வகை இருக்கிறது. 302 என்றால் 'வெளியூர் போயிருக்கிறார், வந்துவிடுவார்' என்று பொருள். 301 என்றால் 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டார், இனிக் கடிதங்களை அங்கேயே அனுப்புங்கள்.' நமக்கு வேண்டியது இரண்டாவது. இப்படித் திருப்புவதால் பழைய பக்கத்தின் மதிப்பு குறைவதில்லை என்று கூகிள் பணியாளர் ஒருவர் 2016-இல் அறிவித்தார். குறைந்தது ஓராண்டாவது இந்த ஏற்பாடு நிற்க வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. அது தேடுபொறிக்குச் சரி. அச்சான ஆய்வேட்டின் அடிக்குறிப்புக்கு ஓராண்டு எந்த மூலைக்கு? ஆகவே பழைய பெயருக்குரிய ஆண்டுக் கட்டணத்தையும் தொடர்ந்து கட்டும்படி மகனிடம் கேட்டுக்கொண்டோம். பத்தாண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிட்டார்.

தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. வேர்ட்பிரஸ் போன்ற செயலிகள் கட்டுரைத் தலைப்பையே முகவரியாக்கிவிடும். தமிழ் முகவரி உலாவியில் அழகாகத் தெரியும். நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாகச் சிதறிவிடும். ஒருங்குறியில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். தூத்துக்குடி என்ற ஒரு சொல்லுக்கே 108 குறிகள். வேர்ட்பிரஸ் இருநூறோடு நிறுத்திக்கொள்வதால் நீண்ட தலைப்புகள் பாதியில் அறுந்துபோகும். அண்ணாச்சி எல்லாப் பக்கங்களுக்கும் ரோமன் எழுத்தில் சிறிய பெயர் வைத்திருந்தார். புதிய தளத்திலும் அவற்றையே வைத்துக்கொண்டோம்.

அவர் இதை அறியாதவரல்லர். முதலில் திஸ்கி எழுத்துருவில்தான் எழுதினார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழல்ல. 2006-இல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றினார். உள்ளே எழுத்து முழுதும் மாறியும் முகவரிகளை மட்டும் அவர் தொடவில்லை. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகளை மாற்றாதிருப்பதே நல்ல வழக்கம் என்று 1998-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். அண்ணாச்சி அதைப் படித்திருப்பாரா என்று தெரியவில்லை. 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டிஸ் சேவையை மூடியபோது, அங்கிருந்த எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் போனதைப் பற்றி மட்டும் வருத்தமாகப் பேசுவார்.

புதிய தளம் ஒரு வியாழக்கிழமை வெளியாயிற்று. வேலை நடந்தபோது 'தேடுபொறிகள் உள்ளே வரவேண்டாம்' என்று போட்டிருந்த தடையை எடுத்தாயிற்றா என்று இளைஞரிடம் மூன்று முறை கேட்டேன். மறந்துபோய்ப் பல தளங்கள் தொலைகிற இடம் அதுதான். கூகிளுக்கு முகவரி மாற்றத்தை முறைப்படி அறிவித்தோம். முதல் சில வாரங்கள் பக்கங்கள் தேடலில் பின்தங்கின. மகன் இரவில் கூப்பிட்டு 'அப்பாவத் தேடினா அப்பா வரலியே' என்றார். பொறுக்கச் சொல்வதைத் தவிர வேறு மருந்தில்லை. இரண்டாம் மாத முடிவில் திரும்பி வந்துவிட்டன. தோலாயிரம் பார் முன்னிருந்த இடத்துக்கே வந்தது.

வழங்கியின் பதிவேட்டை இன்னும் வாரம் ஒருமுறை பார்க்கிறோம். அதில் ஒரு முகவரி விடாமல் வந்து தட்டிக்கொண்டிருந்தது. அப்படியொரு பக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. யாரோ தம் கட்டுரையில் சங்கு பற்றிய பக்கத்துக்குச் சுட்டி கொடுக்கையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டிருக்கிறார். அதைச் சொடுக்கியவர்கள் இத்தனை ஆண்டுகளாக வெறுங்கையோடு போயிருக்கிறார்கள். அந்த முகவரிக்கும் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தோம்.